தணலில் போட்ட இனிப்பு

பாலையூற்றில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் இரத்தினேஸ்வரி அக்கா. அவரிடம் காட்டாமல் எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒரு பிள்ளை வெளிநாட்டு இனிப்பைத் தின்ன முடியாது. எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைகளில் வண்ணக் கடதாசி சுற்றிய சாமான்கள் வந்து குவிந்தன. குவைத்துக்கும் துபாய்க்கும் போனவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். சைவக்காரர்கள் இதில் மீன், இறைச்சி என்று மச்சம் ஏதும் கலந்திருக்கிறதா என்று கேட்டு அக்காவிடம் வருவார்கள். நாங்கள் முஸ்லிம்கள், பன்றிக்குப் பயந்து போவோம். எல்லாருக்கும் ஒரே சோதனைதான். குசினி அடுப்பில் ஒரு தணலை முன்னால் இழுத்து, இனிப்பில் ஒன்றை அதன்மேல் வைப்பார். சீனி கருகிய மணம் வந்தால் தின்னலாம். மயிர் கருகிய மணம் வந்தால் அது எலும்பும் தோலும் காய்ச்சிய ஜெலி. மாடா பன்றியா என்று தணல் சொல்லாதுதான். எந்த வீட்டுக்கும் ஆகாது என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

சொக்கிலேட்டையும் விடமாட்டார். அதில் ஜெலியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பாலும் கொக்கோவும்தான் என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்கமாட்டார். ஒருநாள் என் மகள் அசனா ஏங்கி ஏங்கி அழ, முழுத் துண்டையும் தணலில் உருக்கிவிட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன அக்கா, ஓமம் வளக்கிறீங்களா? பிள்ளைக்கு ஒரு கடியாவது மிஞ்ச வேணாமா?" என்றேன்.

"அறியாமல் குடுத்துப்போட்டுப் பிறகு கிடந்து அழுறதைவிட இது நல்லம், மைமூனா."

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஒரே மகன், குகதாசன். வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தச் சாமான்கள் வந்து குவிய முன்பே, பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் விழுந்தான். எந்த மருந்துக்கும் இறங்காத காய்ச்சல். தம்பி எழும்பித் தன் காலால் கோயிலுக்கு நடந்து வரும்வரை இந்த வீட்டில் மச்சம் புழங்காது என்று அக்கா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீனை விடுவது லேசுப்பட்ட காரியமா? மீன் சட்டியைக்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று என்னிடம் கொண்டுவந்து தந்துவிட்டார். காய்ச்சலும் இறங்கியது. பிள்ளை எழும்பியிருந்து கஞ்சி குடித்தான்.

அக்காவின் புருஷன் சிவபாதத்தாருக்குத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை. கப்பல்காரன் ஒருவன் கொடுத்த சின்னத் தகரப் பெட்டியோடு அன்றைக்கு வந்தார். உள்ளே சிவப்பும் பச்சையுமாக, மெத்தென்ற இனிப்புகள். வாய் கசந்து கிடந்த பிள்ளை தகப்பன் தன் கையால் வாயில் தீத்தத் தீத்த ஆசையாகத் தின்றான். ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தலையணைக்குக் கீழே வைத்தான். மறுநாள் காய்ச்சல் திரும்பவும் ஏறியது. அதோடு போய்விட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாம்பல்தீவிலிருந்து அக்காவின் தமையன் முருகேசு வந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் நேவிக் குசினியில் சமைத்த மனுசன். அந்த ஒற்றை இனிப்பைக் கண்டதும் கையை உதறினார்.

"ஐயோ, நேர்த்தி வைச்ச வீட்டில இது என்ன வேலை பிள்ளை? இந்த ஜெலியெல்லாம் எலும்பில காய்ச்சிற சாமான். தணலில போட்டுப் பார், மயிர் கருகின மணம் வரும்."

அந்த மனுசன் வாயைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா அந்த இனிப்பைத் தணலில் போடவில்லை. தகரப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியில் பூட்டினார். அன்றிலிருந்து புருஷன் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. சமைத்து மூடி வைப்பார்; சிவபாதத்தார் தானே போட்டுச் சாப்பிடுவார். அம்மன் திருப்பித் தந்த பிள்ளையை எலும்பைத் தீத்திப் பறிகொடுத்த மனுசன் என்பது அக்காவின் நினைப்பு. அதைத் தின்ன விட்டவள் தான்தானே என்றும் நெஞ்சில் அடித்துக்கொள்வார். சிவபாதத்தாரும் அதையே நம்பினார். அதுதான் பெரிய கொடுமை.

இன்னொன்றும் இருந்தது. மயிர் கருகிய மணம் எழும்பினால் அக்கா தணலைப் பார்க்கமாட்டார். குசினி வாசலைப் பார்ப்பார். முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

"தம்பி வந்திட்டான்" என்பார் மெல்ல.

தம்பியை எரித்துவிட்டுச் சுடலையால் திரும்பிய புருஷன் கிணற்றடிக்குப் போகமுன்பே இந்த மணம்தான் அவர் மேலில் வீசியதாம். முதல் தடவை இதைக் கேட்டபோது, அல்லாஹ்வே என்று எழும்பினேன்.

"பயப்பிடாதை. அவன் உன்னை ஒண்டும் செய்யமாட்டான்" என்றார்.

வாசலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒருவர் நிற்க இடம் விட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எப்போது போனாலும் அந்த வாசலில் அப்படித்தான் வந்தேன். என் புருஷன் ஸஹாப்தீன் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்கென்ன.

தம்பியின் திவசம் ஒன்றுக்கு வாழையிலை வெட்டிக்கொண்டு போயிருந்தேன். படையலில் வைக்கவென்று சிவபாதத்தார் கடையில் லட்டு வாங்கி வந்து நீட்டினார். தலை நரைத்து, இருமலும் பிடித்து, ஆள் பாதியாகியிருந்தார்.

"உங்கட கையால அவனுக்கு இனி ஒண்டும் வேண்டாம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். மனுசன் லட்டைக் கீழே போட்டார். அலுமாரிக் கதவைப் பிடித்து இழுத்த இழுப்பில் பூட்டு கழன்று விழுந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

"வேண்டாம்! ஐயோ, அதைத் தொடாதேங்கோ!" என்று அக்கா பின்னால் ஓடினார்.

"மணக்கட்டும்! நான்தான் பிள்ளையைச் சாகடிச்சனான் எண்டால் இண்டைக்கே மணக்கட்டும்!"

கல்லாய் இறுகிப்போயிருந்த இனிப்பு தணலில் விழுந்தது. முதலில் புகை மட்டும் வந்தது. பிறகு நுரைத்து உருகியது. சீனி மணம். அதற்குப் பின்னால் இன்னொரு மணம். என் மூக்குக்கு அது நல்ல பழக்கம். நோன்பு மாதத்தில் எத்தனை சட்டி அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன்!

"அக்கா, இது கடற்பாசி! நோன்புக்கு நாங்க காய்ச்சி இறுக விடுற கடற்பாசி! எலும்பு இல்ல, அக்கா, எலும்பே இல்ல!" என்று கத்தினேன்.

சிவபாதத்தார் அடுப்படியில் அப்படியே குந்திவிட்டார்.

"அது ஜப்பான் கப்பல். வெள்ளைக்காரன்ர இல்லை. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே" என்று சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார்.

எனக்குக் கண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அக்கா தணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என்ர பிள்ளை ஏன் செத்தது?" என்றார்.

என்னிடமா கேட்டார், புருஷனிடமா, அம்மனிடமா? தெரியவில்லை.

அன்று பின்னேரம் சிவபாதத்தார் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க, அக்கா கை நீட்டி வாங்கினார். பிறகு இரண்டு பேரும் ஏதோ கதைக்கிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கொஞ்சக் காலம் போக அக்கா வேலியடிக்கு வந்தார்.

"மைமூனா, எறிய வைச்ச ஜெலி ஏதும் கிடக்கா? மணக்கிற சாதி?"

என் தம்பி அன்ஸார் குவைத்திலிருந்து கொண்டுவந்து, தின்னாமல் போட்டிருந்த பொட்டலம் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு நானும் போனேன். அக்கா ஒன்றைத் தணலில் வைத்தார். மயிர் கருகிய மணம் குசினியை நிறைத்தது. வாசலைப் பார்த்தார். இன்னொன்றை வைத்தார். பிறகு பொட்டலம் முழுவதையும் கொட்டினார். புகையில் என் கண் எரிந்தது. அக்கா கண்ணை மூடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலரவில்லை.

"வரேல்லை" என்றார். "நான் பிழை விட்டனான் எண்டுதானே அவன் என்னைத் தேடி வந்து நிண்டவன். இனி அவனுக்கு இஞ்ச என்ன வேலை?"

எழும்பி வெளியே வந்தேன். வாசலில் வழக்கம்போல் ஒரு பக்கமாக ஒதுங்கினேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"நேராப் போ, மைமூனா" என்றார். "அதில ஒருத்தரும் இல்லை."