ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

நுண்ணுயிரியல் ஆய்வுக்கு என்னிடம் வந்த கடைசி மாணவி அவள். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போவாள். அங்கே ஒக்கலிபுரத்துத் தெருநாய் ஒன்றின் ஈறிலிருந்து அவள் எடுத்து வளர்த்த பாக்டீரியா, அதுவரை யாரும் பதிவு செய்யாத புதிய இனம்.

புதியது என்று எழுதினால் மட்டும் போதாது. உயிருள்ள கிருமியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அது வளர்ந்தால்தான் நாம் வைக்கும் பெயர் செல்லும். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அசிங்கம். மாணவர் ஆசிரியரின் பெயரை வைக்கலாம். பணிக்காலம் முழுவதும் நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

"என்ன பேரும்மா யோசிச்சிருக்க?"

"தங்கவயல் பேருதான் சார். எங்கப்பா கேட்டா அழுதுடுவாரு."

நல்ல பெயர் என்றேன். சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டிய படிவங்களை வாங்கி இழுப்பறையில் போட்டேன். மனம் மாறுவாள் என்று நினைத்தேன்.

"சார், சைன் போட்டீங்கன்னா இன்னிக்கே கொரியர் பண்ணிடுவேன்."

"பாக்டீரியாவுக்குக் கால் முளைச்சு ஓடிடப் போவுதா?"

சிரித்தாள். அடுத்தடுத்த வாரங்களில் கேட்டபோது சிரிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணித் தொடைப்பாங்க சார். ஃப்ரீசரை மட்டும் தொட வேணாம்னு சொல்லிடுங்க. எல்லா ட்யூபும் அதுலதான் இருக்கு."

"நான் பாத்துக்கறேன், நீ போ."

பூஜையன்று ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்த தூசியைத் துடைக்க நானே பிளக்கைப் பிடுங்கினேன். கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறந்துதான் போனேன். ஆனால் உள்ளே இருந்தது என் பெயருக்கானதாக இருந்திருந்தால் மறந்திருப்பேனா?

விடுமுறை முடிந்து முதலில் வந்தவன் நான். ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிளக்கை மாட்டினேன். அவள் வந்ததும், "லீவுல கரண்ட் போயிருக்கும்மா" என்றேன். ஒவ்வொரு குழாயையும் திறந்து வளர்த்துப் பார்த்தாள். ஒன்றிலும் எதுவும் முளைக்கவில்லை. பிறகு பல மாதங்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒக்கலிபுரத்துத் தெருக்களில் நாய்களின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிருமி மறுபடி கிடைக்கவில்லை. அதை நம்பியிருந்த ஆய்வும் நின்றது. முனைவர் பட்டம் இல்லாமலே போனாள். இப்போது பீன்யாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருமல் மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறாள். அவள் அப்பா இறந்துவிட்டார்.

போன மாதம் வெளிநாட்டுக் குழு ஒன்று நாயின் ஈறிலிருந்து புதிய இனம் என்று அறிவித்தது. அவள் அன்று பதிவு செய்து வைத்திருந்த மரபணு வரிசையோடு ஒப்பிட்டேன். அதேதான். தங்கள் ஊர்ப் பெயரை வைத்திருந்தார்கள்.

அன்று மாலையே அவள் அழைத்தாள்.

"பாத்தீங்களா சார்? நம்மளதுதான்."

"பாத்தேம்மா."

"அன்னிக்குக் கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா, இல்ல சார்?"

சொல்லிவிட வாய் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.