பிரிக்காத தூண்டில் நரம்பு

சீனப் பெருநாள் சமயத்தில் எங்கள் மலேசிய ஊரான பத்து பாகாட்டில் யாருடைய காரும் பழுதாகக் கூடாது. பட்டறைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். என் கார் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் இடது முன்சக்கரத்தில் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் நுனி தேய்ந்துவிட்டது என்று என் கணவர் சத்தத்தை வைத்தே சொன்னார். பட்டறையில் கொடுத்து மாட்டலாம் என்று புது சாமான்களை வாங்கியும் வைத்துவிட்டார். மாட்டத்தான் ஆள் இல்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கும் எனக்கோ பெருநாள் விடுமுறை கிடையாது.

"நீங்களே மாத்திருங்களேன்," என்றேன்.

"கடை தொறக்கட்டும். அதுவரைக்கும் மோட்டார் சைக்கிள்ல கொண்டு போய் விடறேன்."

"மழையில நனைஞ்சுக்கிட்டேவா? ஊர்ல உள்ளவங்க காருக்கெல்லாம் செஞ்சீங்க. பொண்டாட்டி காருன்னா மட்டும் கை வராதாக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கடைசியாக இந்த வேலையைச் செய்து கொடுத்தது, சில வருடங்களுக்கு முன், தன் தம்பிக்கு. இதே வாசலில் இரண்டு பக்கமும் புது டை ராட் மாட்டி, சக்கரங்களையும் நேராக்கி அனுப்பினார். அடுத்த மாதம் ஒரு காலையில், நல்ல வெயிலில், எதிரே ஒரு வண்டியும் வராத காஹாங் சாலையில் அந்தக் கார் விலகிப் போய், சாலையோர எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஒரு செம்பனை மரத்தில் மோதியது. கொழுந்தனார் அங்கேயே போய்விட்டார். தூங்கியிருப்பார் என்றது போலீஸ். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாங்களும் அதையேதான் சொன்னோம்.

அதன் பிறகு என் கணவர் ஸ்பானரைத் தொடவில்லை. மீன் பிடிக்கக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலும் பெட்டியுமாக காஹாங் பக்கம் போய்விடுவார். திரும்பும்போது கால் முழுக்கச் சேறு இருக்கும், கையில் ஒரு மீனும் இருக்காது. நான் பசாரில் கெம்போங் மீன் வாங்கிப் பொரித்து வைத்து, "இந்தாங்க, நீங்க பிடிச்ச மீன்," என்று தட்டில் போடுவேன். சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். மனசு ஆற ஒரு வழி கிடைத்ததே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த டொக் டொக் சத்தம் என்னைவிட அவரைத்தான் அதிகம் தின்றது. மறுநாள் நான் அந்தக் காரிலேயே வேலைக்குப் போய்விட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. நேராகப் போய்க் காரைத் தூக்கும் ஜேக்கியை எடுத்து வந்தார்.

பழைய டை ராட்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். அடுத்தது சக்கரத்தை நேராக்கும் வேலை. காரின் இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளி மெல்லிய கயிற்றை விறைப்பாகக் கட்ட வேண்டும். கயிற்றிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, டை ராடைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் இருந்த கயிறு தடிமனாக இருந்தது.

"தூண்டில் நரம்பு இருக்கே," என்று உள்ளே போனேன்.

"அதத் தொடாத!" என்று காருக்கு அடியிலிருந்து கத்தினார். அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

நரம்புச் சுருள் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பு. நட்டுகள், வளைந்த கம்பிகள், லோரியிலிருந்து விழுந்த ஏதேதோ துண்டுகள். பெட்டி நிறைய. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் நான் கிண்டல் செய்து பொரித்துப் போட்ட மீனெல்லாம் கண்முன் வந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி காருல வலது பக்கம் லாக் நட்டு இறுக்கமா இருந்துச்சு, நான் போட்ட கோடும் இருந்துச்சு," என்றார். டை ராட் மேற்கொண்டு திரும்பாமல் பிடித்துக்கொள்வது அந்த நட்டுதான். அதை இறுக்கியதும் என் நகச்சாயத்தால் நட்டுக்கும் கம்பிக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுவது அவர் வழக்கம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிவிடும். "இடது பக்கம் சக்கரம் பிஞ்சு தனியா கெடந்துச்சு. நட்டோட சேத்து அந்த நுனிய மட்டும் காணோம். அங்கதான் எங்கயோ விழுந்திருக்கு."

"இத்தன வருஷத்துல துருப் புடிச்சிருக்குமே. கோடு எங்க தெரியப் போகுது?"

"கோடு வேணாம்லா. நட்டு எந்த எடத்துல துருப்புடிச்சு நிக்குதுன்னு பாத்தா போதும். நான் இறுக்குனேனா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

எனக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. உறையைக் கிழித்து நரம்பை அவரிடம் கொடுத்தேன். ஒரு முனையை அவர் கட்ட, மறுமுனையை நான் இழுத்துப் பிடித்தேன். அளந்தோம், திருகினோம், காரைத் தள்ளி உருட்டிவிட்டு மறுபடி அளந்தோம். நட்டை இறுக்கிக் கோடு போட்டார். காய்ந்த பிறகு ஊதிப் பார்த்து அதன் மேலேயே இன்னொரு முறை போட்டார்.

நான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஸ்டீரிங் நேராக நின்றது. சத்தம் அறவே இல்லை. ஆனாலும் என் காதுக்குள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. அவர் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் இறங்கிய பிறகுதான் கையை எடுத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போகிறேன். என் காரில்தான், நான்தான் ஓட்டுவேன். கிளம்புமுன் அவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து, "கோடு அப்படியே இருக்கு," என்பார். காஹாங் சாலையோரம் நிறுத்திவிட்டுச் செம்பனை வரிசைக்குள் இறங்குவோம். காய்ந்த மட்டைகளைக் குச்சியால் புரட்டிக்கொண்டே அவர் வருவார். அந்த இரும்பு கிடைத்துவிட வேண்டும் என்பது அவர் வேண்டுதல்.

நான் எப்போதும் அவருக்கு இரண்டடி முன்னால் நடக்கிறேன். கிடைத்தால் முதலில் அது என் கண்ணில் பட வேண்டும். நட்டு தளர்ந்து நின்றால் அது அவர் கைக்குப் போகாது.