ஞாயிற்றுக்கிழமை பிரதர்

போன வாரம் மூணாறு பஜாரில் பன் வாங்க ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். சுகர் உள்ளவனுக்கு எதற்குப் பன் என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று. பில் போடும் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நிமிர்ந்து பார்க்காமலேயே, "ப்ரோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்க ப்ரோ" என்றாள். என் தலையில் மருந்துக்குக்கூட ஒரு கறுப்பு முடி கிடையாது. ஆனாலும் கோபம் வரவில்லை. வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த யாரோ ஒருவரின் கம்பளி நனைந்து வாடையடித்தது. அந்த வாடையும் அந்த வார்த்தையும் ஒன்றாக வந்ததில், தேவிகுளத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் இருந்த சபை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

சபை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை, தரையில் பாய், இருபத்தைந்து பேர். மழைக்காலத்தில் எல்லாரும் கம்பளியோடு வந்து உட்கார்ந்தால் ஆட்டுக்கிடைக்குள் ஆராதனை நடப்பது போல இருக்கும். நான் அப்போதுதான் திருநெல்வேலிப் பக்கமிருந்து சூப்பர்வைசர் வேலைக்கு வந்திருந்தேன். சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தால் மலையே எழுந்து வழிவிடும் என்று நம்பிய வயது. வாரத்தில் ஆறு நாள், கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னைச் "சார்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களில் பத்துப் பேர் "பிரதர்" என்பார்கள்.

சபைக்குள் வயது கிடையாது, முறை கிடையாது, எல்லாரும் பிரதர் சிஸ்டர்தான். பொன்னுத்தாய் என்றொரு அக்கா சாட்சி சொல்ல எழுந்தால் கேட்கவேண்டும். "தோத்திரம். நேத்து நம்ம தங்கராஜ் பிரதர் குடிச்சிட்டு வந்து சோத்துப்பானைய எட்டி ஒதச்சிட்டாரு. பிரதருக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க." தங்கராஜ் பிரதர் வேறு யாருமில்லை, அவளுடைய புருஷன்தான். எதிர்ப் பாயில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார்.

ஆபீஸ் கிளார்க் லூர்து கத்தோலிக்கர். அவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "எங்க கோயில்ல சிஸ்டர்னா கன்னியாஸ்திரி. சாமியாரப் பாத்தா 'தோத்திரம் சாமி'ம்போம், அதோட முடிஞ்சிரும். ஒங்க ஆளுக புருஷன் பொண்டாட்டியையும் அண்ணன் தங்கச்சியாக்கிட்டு, பெறகு வீட்டுக்குப் போயி எப்பிடித்தான் பேசுவாகளோ" என்பார்.

வீட்டில் பேச்சு மாறிவிடும், தேயிலைக் காட்டிலும் மாறிவிடும். லயத்துக்குக் கீழே ஓடையின் மேல் ஒரு மரப்பாலம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதைத் தாண்டி வந்தால் நான் பிரதர். திங்கட்கிழமை அதைத் தாண்டிப் போனால் சார். யாரும் போட்ட சட்டமல்ல, ஆனால் யாரும் தவறியதுமில்லை. ராகேல் சிஸ்டர் தவறும்வரை.

ராகேல் சிஸ்டருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத குரல். அந்த வாரம் வெள்ளி தொடங்கி மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. மூன்று நாளும் பிரதர், பிரதர் என்று சொல்லிப் பழகிய நாக்கு திங்கட்கிழமை காலையில் இறங்கி வர மறுத்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றவள், "பிரதர், என் சாக்க மொதல்ல பாத்து விட்ருங்க" என்றாள். நேரம் பார்த்து மேனேஜர் துரை ஜீப்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு இவங்க? உனக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டார் துரை.

"இல்ல சார். காட்டு ஆளு" என்றேன்.

சபை பாஷையில் இதற்கு மறுதலித்தல் என்று பெயர். வேதத்தில் சீஷன் ஒருவன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னதும் சேவல் கூவும். இங்கே சேவல் கூவவில்லை, அதற்குப் பதிலாக நாற்பது பெண்கள் சிரித்தார்கள். ராகேல் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட, நான் தூரத்தில் வரும்போதே "பிரதரு வாராக, பிரதரு வாராக" என்று செடிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தால் கொழுந்தைத்தான் பறித்துக்கொண்டிருப்பார்கள்.

பொறுக்கமுடியாமல் பாஸ்டரிடம் போனேன். "நம்ம ஆட்கள் என்னைச் சார்னே கூப்பிட்டா நல்லது பாஸ்டர்" என்றேன். காட்டில் மட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, சபைக்காரன் சொல்லக்கூடாத பழமொழிதான், ஆனால் அதைத்தான் செய்தேன். பாஸ்டர், "சரி, சொல்லிர்றேன் சார்" என்றார்.

எங்கள் சபையார் கீழ்ப்படிதலுக்குப் பேர்போனவர்கள். அடுத்த ஞாயிறு நான் போனபோது பாய்க்கு மேலே எனக்காக ஒரு நாற்காலி கிடந்தது. டீக்கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். இருபத்தைந்து தலைகளுக்கு மேலே என் தலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. தங்கராஜ் பிரதர் கண்ணை மூடி, "ஆண்டவரே, நீர் எங்க சார் அவுகள ஆசீர்வதியும். அவுக நல்லாருக்கணும்" என்று ஜெபித்தார். ஆண்டவருக்கே நீர்தான், எனக்கு அவுக. சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அழுகைதான் வந்தது. ஆராதனை முடிந்து கடுங்காப்பி குடிக்கும்போது ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. எனக்கு மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஆறு வாரம் இப்படியே போயிற்று. கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல், மூன்று நாள், தனியாள் குவார்ட்டர்ஸ். எங்கள் சபையில் ஒருவர் படுத்தால் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். ஆனால் ஸ்டாப் குவார்ட்டர்ஸுக்குள் தொழிலாளிகள் கூப்பிடாமல் வரும் வழக்கம் எஸ்டேட்டில் கிடையாது. நான் பிரதராக இருந்தால் வருவார்கள், சாரென்றால் வரமாட்டார்கள். ஊரில் அம்மாவுக்குத் தெரியாது. செத்தால் லூர்து வந்துதான் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிறு மத்தியானம் பாட்டுச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே, கொட்டுகிற மழையில், இருபத்தைந்து பேரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்காகப் பாடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ராகேல் சிஸ்டர் கையில் ஒரு தூக்குவாளி.

"உள்ள வாங்க சிஸ்டர்" என்றேன்.

"நாங்க காட்டு ஆளுகல்லா, சாரு வீட்டுக்குள்ள எப்பிடி வாறது?" என்றாள். அவளுக்கு நல்ல ஞாபகசக்தி.

"தெரியாமச் சொல்லிட்டேன் சிஸ்டர். மன்னிச்சுக்கிடுங்க. பிரதர்னே கூப்பிடுங்க."

"காட்டுலயுமா?"

"காட்டுலயும்தான்."

"தொர நின்னா?"

"அவரு நின்னாலும்."

கேட்டைத் தள்ளித் திறந்தாள். "கஞ்சி ஆறிப்போச்சு பிரதர்" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருபத்தைந்து கம்பளிகளிலிருந்து சொட்டிய தண்ணீரை நான் இரண்டு நாள் துடைத்தேன். அதற்கப்புறம் துரை முன்னாலும் அவள் என்னைப் பிரதர் என்றுதான் கூப்பிட்டாள். தேவைக்கு மேலேயே சத்தமாகக் கூப்பிட்டாள் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தகரக் கொட்டகை இப்போது இல்லை. ஓய்வுபெற்றவர்கள் லயத்தைக் காலி செய்துகொண்டு பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். மூணாறில் நான் போகும் சபையில் நாற்காலி எல்லாருக்கும் உண்டு. அங்கே என்னை அங்கிள் என்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராகேல் சிஸ்டர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது திருப்பூரில் இருக்கும் அவளுடைய மருமகள். "அத்தை காலைல தவறிட்டாங்க. அவங்க போன்ல பேரு இல்லாம பிரதர்னு மட்டும் ஒரு நம்பர் இருந்துச்சுங்க. நீங்க அத்தைக்கு என்ன வேணுங்க?"

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. "தம்பி வேணும்மா" என்றேன்.

"அப்ப நீங்க வந்த பொறகுதான் பெட்டிய மூடுவோம். பாத்து வாங்க" என்றாள். கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னை அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி கூப்பிட்டது பேக்கரிப் பெண் ஒருத்திதான். அவள் சொன்னபடியே தள்ளி நின்றேன்.