மெரினா அக்கா எடுத்த நூறு டிக்கெட்டுகள்

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் மெரினா அக்காவுக்குப் பயப்படாதவர் இல்லை. நானும் அவரைப் போலத் தாதிதான், பத்து வருடச் சேவை. இருந்தும் அவர் நோயாளிகளின் டிக்கெட்டுகளை, அதாவது கட்டிலோடு இருக்கும் சிகிச்சைக் குறிப்புகளை, புரட்டத் தொடங்கினால் நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். தேவையில்லாமல் எத்தனை பேருக்கு அன்டிபயோட்டிக் ஏற்றுகிறோம் என்று கணக்கெடுப்பதுதான் அவருடைய வேலை.

வயதானவர் யாராவது தடுமாறிக் கதைத்தால் உடனே சிறுநீரைச் சோதனைக்கு அனுப்புவது எங்கள் பழக்கம். அந்த வயதில் சிறுநீரில் கிருமி சும்மாவும் இருக்கும். அதைக் கண்டதும் ஊசி தொடங்கிவிடும்.

“எரிவு இருக்கா? காய்ச்சல் இருக்கா? ஒண்டுமில்லாட்டி என்னத்துக்கு ஹுனைஸ் இந்த ஊசி?” என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் சாப்பிடாமல் வேலைக்கு வந்தவனைக் கண்டுபிடித்துத் தன் சோற்றுப் பார்சலை நீட்டுகிறவரும் அவர்தான்.

ஆகஸ்டில் அவருடைய அப்பா நிக்கொலஸ் எங்கள் வாட்டுக்கே வந்தார். கற்பிட்டியில் ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். தலவில் தேவாலயத் திருநாளுக்குப் போன இடத்தில், மலசலகூட வரிசையில் நிற்க அலுப்புப்பட்டு மூன்று நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. மகளைப் பார்த்தே யாரென்று கேட்டார். காய்ச்சலோ எரிவோ இல்லை. சிறுநீரில் கிருமி இருந்தது. உடம்பில் தண்ணீர் குறைந்ததால் வந்த தடுமாற்றம், சேலைன் போதும் என்றார் எங்கள் வாட்டு ஜௌபர் டொக்டர்.

“எதுக்கும் அன்டிபயோட்டிக்கையும் போடுங்க டொக்டர். அப்பாவுக்கு என்னைத் தெரியேல்ல,” என்று அக்கா அழுதார். டொக்டர் சின்ன வயதுக்காரர், எழுதிக்கொடுத்துவிட்டார். நான்தான் ஏற்றினேன்.

இரண்டு போத்தல் சேலைன் இறங்கியதுமே நிக்கொலஸ் ஐயா மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஊசியால் வந்தது வயிற்றோட்டம் மட்டும்தான். அதனால் இன்னும் நான்கு நாள் கட்டிலில் கிடந்தார்.

மாத முடிவுக் கணக்குக்காக அக்கா பார்க்காமல் உருவி எடுத்த நூறு டிக்கெட்டுகளில் ஐயாவுடையதும் விழுந்தது. அக்கா அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செருகாவிட்டால், எங்களைத் திட்டிய அக்கா இனி எந்த முகத்தோடு வாட்டுக்கு வருவார்? கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் அவர் என்ன செய்வார் என்று பார்க்க நான் ஆவலோடு காத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெரிய டொக்டர் முன்னால் அக்கா வாசித்தார். “நூறில முப்பத்தெட்டுப் பேருக்குப் போட்ட ஊசி தேவையில்லாதது. அதில ஒண்டு என்ட அப்பாவுக்குப் போட்டது.”

ஜௌபர் டொக்டர் தலை குனிந்தார்.

“அவரில பிழையில்ல. வேணாமெண்டுதான் சொன்னவர். நான்தான் அழுது எழுத வைச்சனான். அப்பா நாலு நாள் கஷ்டப்பட்டது என்னால.”

அவர் கடதாசியைக் கீழே வைத்தார். அதுவரை அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. எழும்பி நின்றேன்.

“மிச்ச முப்பத்தேழில பாதிப் பேருக்குத் தேவையில்லாம யூரின் டெஸ்டுக்கு அனுப்பினது நான்தான் அக்கா,” என்றேன்.