விருந்தாளிகள் சாப்பிட்டு எழும் வரை

எங்கள் மலையிலுள்ள ஆஸ்பத்திரி வெளியூர்க்காரர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. கொடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று தெரியும். நான் அங்கே வாசலில் இருப்பவன். மோட்டார் போடுவதும் கட்டில் நகர்த்துவதும் என் வேலை.

இந்த முறை பிரசவ வார்டைப் பற்றித்தான் பேச்சு. இரவு நர்சுக்கு இனியும் சம்பளம் தருவதா என்று பார்க்க வந்தார்கள். என் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

அவர்கள் வந்த அன்று பெஞ்சுகள் காலி. மற்ற நாட்களில் தரையில்கூட இடம் இருக்காது. பார்க்க வந்திருந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்க போல, சந்தோஷம்" என்றார். டாக்டரம்மா முகம் வாடிவிட்டது.

நான் ரோட்டுக்கு ஓடினேன். புளியமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாமா, புள்ளைக்கு இப்டி காயுது, இங்கயே குந்திகினு கீற?" என்று ஒருத்தியிடம் கேட்டேன்.

"உள்ள விருந்தாளி வந்துகீறாங்களேண்ணா. அவங்க சாப்ட்டு போவட்டும். நாம போய் நின்னா டாக்டரம்மாவுக்கு மரியாதையா இருக்குமா?"

பக்கத்திலிருந்த கிழவர் இளைத்துக்கொண்டே, "எனக்கும் மூச்சு வாங்குது. விருந்தாளி போறவரைக்கும் வாங்காதனு சொல்லிகீறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வீட்டுக்கு வெளியூர் விருந்து வந்தால், அவர்கள் சாப்பிட்டு எழும் வரை அந்த வாசலை நாங்கள் மிதிப்பதில்லை. ஆஸ்பத்திரியும் எங்கள் ஜனங்களுக்கு டாக்டரம்மாவின் வீடுதான்.

எனக்குப் பெரியவர்கள் எதிரே பேச வராது. அன்று வந்திருந்த அம்மா முன்னால் போய் நின்று, "வெளிய இருக்காங்கம்மா, உங்களுக்காகத்தான் வரல" என்று சொல்லிவிட்டேன். "கூப்பிடுங்களேன்" என்றார். கெஞ்சி அழைத்து வந்தேன். அதற்குள் வராந்தாவில் இலை போட்டிருந்தார்கள். கேட் வரை வந்தவர்கள் இலையைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள்.

கார் வளைவில் மறைந்ததும் வராந்தா நிறைந்தது. டாக்டரம்மா இருட்டும் வரை நோயாளிகளைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவுக்குப் போன் செய்து விளக்கமும் சொன்னார். "கண்ணால பாத்ததத்தானே நம்புவாங்க" என்றார் என்னிடம். பிரசவ வார்டைப் பகலில் மட்டும் நடத்தலாம் என்று பதில் வந்தது. இரவு நர்ஸ் பெட்டியைக் கட்டினாள்.

போன வாரம் மகளைத் திருப்பத்தூரில் அவள் பெரியம்மா வீட்டில் விட்டேன். ஓர் அறை வீடு. அவளுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர்கள் நால்வரும் கீழே படுக்கிறார்கள்.

"நம்ம ஆஸ்பத்திரி இருக்க சொல்ல நான் எதுக்குப்பா இங்க?" என்றாள்.

"ராவுல பூட்டிட்றாங்கம்மா" என்றேன். பூட்டுவதும் நான்தான்.