மழை என்று கத்தியது நான்தான்

தண்ணீருக்கு ஒரு கை இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியபோது நான் முழங்கால்வரை உப்பளச் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே கீற்று வீடுகள் எரிந்துகொண்டிருந்தன.

உப்பு வாரும் குடும்பங்களின் நான்கு வீடுகள் அவை. லாரி போகும் சாலையிலிருந்து அகலமான ஒரு வரப்பு உள்ளே போகிறது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் இருந்தன. இரண்டு பக்கமும் பாத்தி. எங்கள் தீயணைப்பு வண்டி சாலையோடு நின்றுவிட்டது. முதல் வீட்டின் அனலைத் தாண்டி ஹோஸை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. பாத்திக்குள் இறங்கிச் சுற்றிப் போகலாம் என்று குதித்தேன், கால் புதைந்துவிட்டது. அங்கிருந்தே அடித்தேன். தண்ணீர் முதல் கூரையில் மோதி உடைந்து விழுந்தது. அதற்குள் பொறி பறந்து கடைசி வீட்டின் கூரையில் உட்கார்ந்தது. அது பற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் இருந்தது, பம்பு இருந்தது, ஆட்கள் இருந்தோம். தண்ணீர் மேலே ஏறி, மூன்று கூரையைத் தாண்டி, அந்தப் பக்கம் குனிந்து கொட்டியிருந்தால் போதும்.

யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் பாத்தியில் வேலையாக இருந்தார்கள். கடைசி வீட்டு அக்கா ஓடிவந்தபோது அவர் கால்களில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. கூரை அதற்குள் உள்ளே விழுந்திருந்தது. சேற்றில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்: “தண்ணி வந்துச்சி தம்பி. என் வூட்டாண்டதான் வரல.”

எங்கள் நிலையம் சின்னது. இருப்பது ஒரே வண்டி. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன், சும்மா உட்காரத் தெரியாதவன். வெளிநாட்டுத் தீயணைப்பு வண்டிகளின் வீடியோ இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு கம்பெனி எங்களுக்கு நன்கொடையாக இரண்டாவது வண்டி வாங்கித் தர முன்வந்தபோது, நிலைய அலுவலர் என்னைத்தான் கூப்பிட்டார்.

“ஏம்பா, எந்த வண்டி வேணும்னு நம்மளயே சொல்லச் சொல்றாங்க. நீதான் எந்நேரமும் அதையே பார்த்துனு இருக்கிற. நீயே சொல்லு. ஆனா குடுக்கிறது ஒரு தடவதான், பார்த்துக்கோ.”

பார்த்தேன். ஆள் ஏறி நிற்கும் தொட்டி வைத்த உயரமான வண்டி ஒன்று உண்டு. மாடிக் கட்டடங்களுக்கானது. நின்றதும் சாயாமலிருக்க நாலா பக்கமும் இரும்புக் கால் பரப்பும். எங்கள் சாலையில் பரப்பினால் பாதிக் கால் பாத்திக்குள் போய்விடும். இன்னொன்று, ஆள் ஏறாமல் தண்ணீர் மட்டும் ஏறும் வண்டி. வழக்கமான தண்ணீர் வண்டிதான், முதுகில் ஓர் இரும்புக் கை மடங்கிப் படுத்திருக்கும். அதன் நுனியில் நாசில். கீழே நின்றபடி ரிமோட்டில் கையைத் தூக்கி, நீட்டி, வளைத்து, வேண்டிய இடத்தில் கொட்டலாம். இதற்கும் கால் உண்டு, ஆனால் வண்டியின் அகலத்தைத் தாண்டாது. எங்களுக்கு மாடி கிடையாது, வரிசைதான் உண்டு. இந்த வண்டிதான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“கை வச்ச வண்டி சார்” என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

“கைவண்டியா? அது மீன் மார்க்கெட்லயே இருக்குதே, தள்ளிக்கினு வந்துட்டாப் போச்சி” என்றார் எங்கள் டிரைவர். அவர்தான் அந்த வண்டியை ஓட்டப்போகிறவர்.

விற்கும் நிறுவனம் ஓட்டிக்காட்ட ஒரு வண்டியைச் சென்னையிலிருந்து அனுப்பியது. இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். எரிந்த வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி, கரண்ட் கம்பி குறுக்கே போகாத, வீடியோவில் அழகாக விழக்கூடிய உப்பளச் சாலை. நேரத்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். கம்பெனிக்காரர்கள் அவசரமில்லாமல் வந்து சேரட்டும் என்று பதினோரு மணி. வெயில் ஏறினால் கடல்காற்றும் ஏறும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

கை எழுந்தது. தண்ணீர் கம்பிபோல நேராகப் போய் வாய்க்காலில் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

“அண்ணே, ஸ்ப்ரேல வைங்க! இன்னும் மேல!” என்றேன் வண்டியை இயக்கியவரிடம்.

தண்ணீர் குடையாக விரிந்தது. அதில் வானவில் வந்தது. என் கையில் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரம்மதேசம் கிராமத்தில், கழனியை நம்பிய வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ஒருவர் மழை என்று கத்தினால் மற்றவர்கள் வெளியே ஓடிவந்து முகத்தை நீட்டுவோம். அந்த வாய்தான் அங்கேயும் கத்தியது: “மழை! டேய், மழைடா!”

தூரத்துப் பாத்திகளில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஃபோனை அவர்கள் பக்கம் திருப்பி, “வாங்க வாங்க, எல்லாரும் வாங்க!” என்று கூப்பிட்டேன். வேடிக்கை பார்க்க ஓடிவருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் உப்புக் குவியல்களை மூட ஓடினார்கள்.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் விழக்கூடாது. விழுந்தால் விளைந்த உப்பு கரையும், பாத்தியில் நிற்கும் உப்புநீரும் நீர்த்துப்போகும். காற்று எங்கள் தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு போய், மறுநாள் வாரவேண்டிய பாத்திகள்மேலும் காலையில் வாரி வரப்பில் ஏற்றிய குவியல்கள்மேலும் தூவியது. கடைசி வீட்டு அக்கா குத்தகைக்கு எடுத்த பாத்திகளும் அங்கேதான் இருந்தன. புதுக் கூரை போட அவர் நம்பியிருந்தது அந்த உப்பைத்தான். தார்ப்பாயின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையைக் குவியலுக்குமேல் இழுத்துக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்தச் சொல்லி யாரோ கத்தினார்கள். நான் இல்லை. நான் அந்த நேரத்தில் வீடியோவை நிலையத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒரு ஹார்ட்டோடு.

அன்று மாலைக்குள் அந்த வீடியோ ஊர் ஊராகப் பரவிக் கோட்டக்குப்பம்வரை போய்விட்டது. வானவில் தெரிகிறது. என் சிரிப்பு கேட்கிறது. பின்னால் ஜனம் உப்பைக் காப்பாற்ற ஓடுகிறது. முன்னால் என் குரல் அவர்களைக் கூப்பிடுகிறது.

டீக்கடையில் கேட்டார்கள்: “சாரு, துணி காயப் போடலாமா, இல்ல இன்னிக்கும் மழையா?”

“ஏம்பா, எங்க கழனிக்கு ஒரு லோடு அனுப்பேன்!”

நானும் சேர்ந்து சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அலுவலராவது திட்டியிருக்கலாம். “உன்னத் திட்டலாம்னுதான் பார்த்தேன். அந்த வீடியோல நானும் பல்லக் காட்டினு நிக்கிறேன். எப்டிடா திட்டுறது?” என்றார்.

மறுநாள் அவரிடம் போய், “கை வேணாம் சார். பெரிய டேங்க் வச்ச சாதா வண்டி போதும்” என்றேன்.

“ஏன்?”

பராமரிப்பு அதிகம், உப்புக்காற்றில் இரும்பு நிற்காது, ஸ்பேர் கிடைக்காது என்று அடுக்கினேன். சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றுகூட என் காரணம் இல்லை. அந்தக் கை எங்கள் ஷெட்டில் நின்றால் தினமும் அதன் முகத்தில் விழிக்க வேண்டுமே, அதுதான் காரணம். கம்பெனிக்கு அப்படியே எழுதிவிடுவதாக அலுவலர் சொன்னார்.

அதற்கப்புறம்தான் ஒரு புதுத் தார்ப்பாயை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். வரப்பில் நான் வருவதை அடுத்த பாத்தியிலிருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள்.

“மூடுங்கடி, மூடுங்கடி, மழை சாரு வர்றாரு!”

அக்காவும் சிரித்தார். “இன்னா சாரு, வண்டிய காணோம்?”

“தார்ப்பாய் கொண்டாந்தேன்க்கா.”

“குடு. பழசு கிழிஞ்சிபோச்சி.” வாங்கி வரப்பில் வைத்துவிட்டு மறுபடி பலகையை இழுக்கத் தொடங்கினார்.

“பாத்தி...”

“திரும்பக் காயணும். வேற இன்னா பண்றது? வானம் பண்ணா யாரையும் கேக்க முடியாது. நீ பண்ணா உன்னக் கேக்கலாம். அவ்ளோதான்.”

அவர் மனம் குளிரட்டும் என்று சொன்னேன்: “அந்த வண்டி வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. இனிமே அது இங்க வராது.”

பலகை நின்றது. “யாரக் கேட்டு?”

“இல்லக்கா, உங்க உப்பு...”

“உப்பு போச்சி, சரி. தார்ப்பாய இழுத்துனே பார்த்தேன் நான். எங்கியோ ரோட்டுல நின்னுக்கினு இருக்குது வண்டி. தண்ணி இங்க வந்து விழுது. அது அன்னிக்கி இருந்திருந்தா என் வூடு நின்னிருக்குமா நின்னிருக்காதா?”

“நின்னிருக்கும்.”

“அப்புறம்? உனுக்கு வெக்கமா இருக்குதுன்னு என் கூர எரியணுமா? நான் திரும்பக் கீத்துதான போடப்போறேன், மாடியா கட்டப்போறேன்?”

அடுத்த பாத்தியில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. வீடியோவின் வெட்கம் முகத்தோடு நின்றிருந்தது. இது வேறு வெட்கம். தண்ணீரைத் தூவும்போதும் இவரைக் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பும்போதும் கேட்கவில்லை.

பைக்கை விரட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். “சார், கம்பெனிக்கு அனுப்பிட்டீங்களா?”

“நெட்டு வேல செய்யலப்பா” என்றார் அலுவலர், ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே.

விற்கும் நிறுவனத்திடம் கெஞ்சியதில் வண்டியை இன்னொரு தடவை அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். நாளைக் காலை, காற்று எழுவதற்குமுன். இந்தத் தடவை எரிந்த வரிசைக்கே போகிறோம். இன்று பொழுது சாய்வதற்குள் பாத்தி பாத்தியாகப் போய், குவியல்களை மூடி வைக்கச் சொல்ல வேண்டும். ஃபோனில் சொல்லப்போவதில்லை, நேரில்தான். ஸ்ப்ரே கிடையாது, நேர் தண்ணீர் மட்டும். கடைசி வீடு இருந்த இடத்தில் ஒரு காலி டிரம் வைப்போம். முன்பு நான் படத்துக்காகத் தவிர்த்த கரண்ட் கம்பி அங்கே சாலைக்குக் குறுக்கே தாழ்வாகப் போகிறது. அதைக் கடந்து வண்டியை நிறுத்தித்தான் கையைத் தூக்க வேண்டும். அங்கிருந்து நாலாவது வீடு எட்டுமா என்று எனக்குத் தெரியாது. வண்டியை இயக்குபவருக்கும் தெரியவில்லை. எட்டினால் இந்த வண்டிதான் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன்.

முதலில் அக்காவிடம்தான் போனேன். டிரம் வைக்கும் இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார். எட்டவில்லை என்றால் என்ன செய்வது என்று அவரிடமே கேட்டேன்.

“கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பாரு. அங்கியும் எட்டலன்னா இன்னும் கொஞ்சம் தள்ளு” என்றார். “ஆனா வாய மட்டும் தொறக்காத.”