ஏழு ஒன்றுகள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் சாமான் கொட்டகைக்கு ஒரு தகரக் கதவு இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் காகிதம் கிடைக்காததால், என் மனைவியின் அண்ணன் அதில்தான் சாக்கட்டியால் கணக்குப் போடுவார். வேகன்களின் எண்களைக் குறிப்பது மச்சானின் வேலை; சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவது என் வேலை. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு ஒரு மனிதர் இப்படி எண்களோடு மல்லுக்கட்டுவதை வாய்பிளந்து பார்ப்பேன்.

இரண்டுக்கு மேல் ஒன்றுகளை வரிசையாக அடுக்கினால் எப்படியும் உடைகிறது என்பார். மூன்று ஒன்றுகளை முப்பத்தேழு உடைக்கும், நான்கைப் பதினொன்று, ஐந்தை நாற்பத்தொன்று. ஏழு ஒன்றுகள் மட்டும் மசியவில்லை. பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று! சொல்லும்போதே கோயில் மணி அடிப்பதுபோல இருக்கும். அதை யாராலும் உடைக்க முடியாது என்று நிரூபிக்க, பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வந்தார். எதுவரை போவீர்கள் என்று கேட்டேன்.

"ஆயிரத்து அம்பத்து நாலு வரைக்கும் போதும் மாப்ள. ரெண்டு பேரு தூக்குற கட்டையில ஒருத்தன் குட்டையாத்தான் இருப்பான்."

இரண்டு எண்களின் பெருக்கலாக அது இருந்தால், சின்னது அதற்குள் அகப்பட்டே தீரும் என்று அர்த்தம்.

இருநூற்று முப்பத்து மூன்றை முடித்த அன்று, சயாமில் ரயில் பாதை போட அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மீதியைத் தொடாதே, வந்து நானே முடிப்பேன் என்று சொல்லிப் போனார். எனக்குக் கை சும்மா இருக்குமா? மறுநாளே அடுத்த பகா எண்ணான இருநூற்று முப்பத்தொன்பதால் வகுத்தேன். மீதி இல்லை. மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் சுத்தமாக உடைந்தது. அவர் இன்னும் ஒரே ஒரு படி போயிருந்தால் போதும்! நான் போட்டதைக் கதவிலிருந்து துடைத்தேன். "அவரு வந்து சேரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் மனைவி.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, கூடப் போன பலர் வராத நிலையில், எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வந்ததும் சொன்னது, "முடிச்சிட்டேன் மாப்ள. உடையவே இல்ல." காய்ச்சல் விட்ட நாட்களில், நாளுக்கு ஓர் எண்ணாக, மண்ணில் குச்சியால் வகுத்து ஆயிரத்து ஐம்பத்தொன்று வரை போயிருக்கிறார். யார்டில் எல்லோருக்கும் காட்டப் போவதாகக் கிளம்பினார்.

அவர் நாலுபேர் முன்னால் தலைகுனியக் கூடாதே என்று, இருநூற்று முப்பத்தொன்பது அதை உடைத்துவிட்டதைச் சொல்லிவிட்டேன். அடுப்புச் சாம்பலைப் பரப்பி மறுபடி போட்டுப் பார்த்தார். மீதி சைபர்தான் வந்தது.

"அன்னிக்கு நல்ல காய்ச்சல். கடைசிப் பெருக்கல்ல ஒன்ன விட்டுட்டேன் போல. மீதி ஒன்னுன்னு வந்துச்சு."

அதன் பிறகு அவர் வகுத்த நூற்றிருபத்தைந்து எண்களும் வீண்தானே என்று என் வாய் தவறி வந்துவிட்டது. மனைவி முறைத்தாள். மச்சான் சிரித்தார்.

"அங்கேயே ஒடஞ்சிருந்தா, மறுநாள் நான் எதுக்கு மாப்ள எந்திரிச்சிருப்பேன்?"